ஒப்படைப்பும் இயந்திரமும்: கல்லூரி அகமதிப்பீட்டில் நேர்மையின் இடம்

கல்லூரி மாணவர் வீட்டிலோ விடுதியிலோ இருந்து எழுதிக் கொண்டுவரும் எழுத்துப்பணி அவருடைய கற்றலுக்குச் சான்றாக நிற்க முடியுமா என்னும் வினா, 2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்ற உரையாடற் செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது முதல் உலகப் பல்கலைக்கழகங்களை அலைக்கழித்து வருகிறது. இத்தகைய செயலிகளுக்கு அடிப்படையாக உள்ள ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு, கடல்போன்ற எழுத்துத் தொகுதியிலிருந்து எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணித்துப் பழகி, கேட்ட பொருளில் உரையைத் தானே தொடுத்துத் தரும் மென்பொருளாகும். அது தரும் உரை பெரும்பாலும் எந்த நூலிலிருந்தும் அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டதாக இராமல் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைவதால், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுதல் என்ற பழைய குற்றத்தின் இலக்கணத்துக்குள் அது முழுமையாக அடங்குவதில்லை. திருடப்பட்ட பொருளுக்கு உரியவர் யாரும் இல்லாதபோதும் ஏமாற்றம் மட்டும் நிகழ்கிறது என்பதே இச்சிக்கலின் புதுமை.

கல்விசார் நேர்மை என்பது தேர்வறையில் பிட் அடிக்காதிருத்தல் என்ற அளவில் முடிவதன்று. தான் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதற்கும் உண்மையில் அறிந்ததற்கும் இடையே வேறுபாடு இல்லாதபடி நடத்தலே அதன் பொருள். அமெரிக்காவில் 1992-இல் டொனால்ட் மெக்கேப் முன்னின்று தொடங்கிய கல்விசார் நேர்மைக்கான மையம், நேர்மை, நம்பிக்கை, நடுநிலை, மதிப்பு, பொறுப்பு ஆகிய ஐந்தையும் அடிப்படைப் பண்புகளாக வரையறுத்துப் பின்னர் துணிவையும் அவற்றோடு சேர்த்தது. இப்பட்டியலைவிட அந்நாட்டு ஆய்வுகள் கண்டறிந்த நடைமுறை உண்மைகளே இங்குக் கூடுதல் கவனத்துக்கு உரியவை. வில்லியம் பவர்ஸ் 99 கல்லூரிகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 1964-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகையில் நேர்மை தவறியதை ஒப்புக்கொண்டனர். மெக்கேப்பும் லிண்டா டிரெவினோவும் 1990-களின் தொடக்கத்தில் 31 கல்வி நிறுவனங்களில் நடத்திய ஆய்வு, மாணவரின் நடத்தையை மிகுதியாகத் தீர்மானிப்பது தண்டனையின் கடுமை அன்று, உடன் பயில்வோர் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் கொண்டுள்ள எண்ணமே என்று காட்டியது. வகுப்பில் எல்லோரும் செய்கிறார்கள், செய்யாதவன் ஏமாளி என்ற எண்ணம் பரவிய இடத்தில் எந்த விதியும் நிற்பதில்லை. ஆகவே இயந்திரம் வந்தபிறகே மாணவர்கள் நேர்மை தவறத் தொடங்கினார்கள் என்ற புலம்பலுக்குச் சான்று இல்லை. அதற்கு ஆகும் உழைப்பும் செலவும் ஏறத்தாழ ஒன்றுமில்லாமற் போனதே மாற்றம்.

ஒருவர் தம் எழுத்துக்குத் துணைநின்றவற்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேலைப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்ததும் அன்று. தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தது. சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவையாக நன்னூல் வகுக்கும் எட்டினுள் ஆக்கியோன் பெயரை அடுத்தே, நூல் எதன் வழிவந்தது என்பதும் இடம்பெறுகிறது. பிறர் நூலைத் தழுவி எழுதுவது அம்மரபில் குறையாகக் கருதப்படவில்லை. தழுவியதைச் சொல்லாமல் விடுவதே பாயிரத்தின் குறையாயிற்று. இன்று பல்கலைக்கழகங்கள் மாணவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கும் பயன்பாட்டு அறிவிப்பு, அதாவது எந்தச் செயலியை எந்தப் பகுதிக்கு எவ்வாறு பயன்படுத்தினார் என்ற குறிப்பு, இந்த இடத்தில்தான் வந்து பொருந்துகிறது. எனினும் பண்டைய நூலாசிரியன் அவையில் அரங்கேற்றி, எழும் தடைகளுக்கு விடையிறுக்க வேண்டியிருந்தான் என்பதையும் உடன் கருதவேண்டும். கேள்விக்கு நின்று விடைசொல்லும் கடப்பாடு இல்லாத அறிவிப்பு வெறும் படிவமாகிவிடும்.

இந்தியாவில் இப்பொருள் குறித்த முதன்மையான ஆவணம், பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட, கல்விசார் நேர்மையை வளர்த்தலும் எழுத்துத் திருட்டைத் தடுத்தலும் பற்றிய ஒழுங்குமுறைகள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்திய ஏட்டை அளிக்கவேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்கத் தடை. 60-க்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவழக்கு ஒப்புமைகள் கணக்கில் சேரா. இவ்வாறு சொல் எண்ணிக்கை வரை இறங்கி விதிசெய்த அந்த ஆவணம், தன் வரையறைப் பகுதியிலேயே ஒப்படைப்புகள், பருவக் கட்டுரைகள், திட்டப்பணி அறிக்கைகள், பாடப்பணிகள், தேர்வு விடைத்தாள்கள் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. இந்தியக் கல்லூரி மாணவரில் மிகப் பெரும்பான்மையோர் இளங்கலை பயில்வோர். அவர்கள் எழுதும் ஏறத்தாழ அனைத்தும் இந்த விலக்குப் பட்டியலில் அடங்கியவை. ஒழுங்குமுறையின் நோக்கம் ஆய்வுப் பட்டங்களின் தரத்தைக் காப்பது என்பதால் அன்று அந்த விலக்கு இயல்பானதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் சாட்ஜிபிடி முதலில் நுழைந்த இடம் விலக்கி வைக்கப்பட்ட அந்தப் பகுதியே. மேலும், விழுக்காட்டை அளவுகோலாகக் கொண்ட இவ்விதி, ஒப்புமையே இல்லாத புத்துரையை உண்டாக்கித் தரும் இயந்திரத்தின் முன் அளப்பதற்கு ஏதுமின்றி நிற்கிறது. முழுவதையும் செயலியிடம் எழுதி வாங்கிய ஏடு ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் எளிதில் தேறிவிடலாம்.

விலக்கப்பட்ட அப்பகுதியின் நடப்பு நிலையைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை வைத்துப் பார்ப்பது பயனுடையது. கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு தாளுக்குரிய 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கும் 75 பருவத் தேர்வுக்கும் எனப் பிரித்தலே நெடுங்காலப் பொதுவழக்கு; அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைகள் கோட்பாட்டுத் தாள்களுக்கு அகமதிப்பீட்டின் பங்கை 40-ஆக உயர்த்தின. இந்த அகமதிப்பீட்டின் ஓர் உறுப்பே மாணவர் வழக்கில் அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்பு. நடைமுறையில் அது பெரும்பாலும் பாடநூலின் ஓர் அலகைத் தாளில் பெயர்த்தெழுதுவதாக, முன் வரிசையில் ஒருவர் எழுதியதைப் பின் வரிசையில் இருபதுபேர் பார்த்தெழுதுவதாக, கோடு போட்டு அட்டையிட்டு அழகு செய்ததற்கு மதிப்பெண் பெறுவதாக அமைந்துவிட்டது. ரெக்கார்ட் நோட்டின் கதையும் வேறன்று. இறுதியாண்டுத் திட்டப்பணியைப் பொறுத்தவரை, தலைப்பு முதல் அறிக்கை அச்சடித்துக் கட்டுவது வரை விலைக்குச் செய்துதரும் புராஜெக்ட் சென்டர்கள் பெருநகரங்களில் விளம்பரப் பலகையோடு இயங்கிவருவதை அறியாத பேராசிரியர் இலர். இங்கிலாந்து 2022-இல் இயற்றிய சட்டத்தின் வழியாகவும் ஆஸ்திரேலியா 2020-இல் செய்த சட்டத்திருத்தத்தின் வழியாகவும் பணம் பெற்று மாணவருக்காக எழுதிக் கொடுப்பதைக் குற்றமாக்கின. இங்கு அது கடைத்தெரு வணிகமாகவே தொடர்ந்தது. இப்பின்னணியில், செயற்கை நுண்ணறிவு தமிழ்நாட்டின் ஒப்படைப்பு முறையைக் கெடுத்தது என்பதைவிட, ஏற்கெனவே எதையும் அளக்காமல் போயிருந்த ஒரு சடங்கை மறைக்க முடியாதபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்பதே பொருத்தமான மதிப்பீடு. காசு கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் கிடைத்த வசதி இப்போது கைபேசி உள்ள எல்லோருக்கும் கிடைக்கிறது என்பது இதில் சற்றுக் கசப்பான சமத்துவம்.

இச்சிக்கலுக்கு முதலில் முன்வைக்கப்பட்ட தீர்வு, இயந்திரம் எழுதியதை இன்னோர் இயந்திரத்தால் கண்டுபிடிப்பது. இங்கு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு கருவிகளைப் பிரித்தறிய வேண்டும். இன்ஃப்லிப்நெட் நிறுவனம் 2019-இல் தொடங்கிய சோத்சுத்தித் திட்டத்தின் வழியாக இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது ஒப்புமைச் சோதனைக் கருவி. அது ஏட்டின் தொடர்களை இணையத்திலும் தரவுத்தளங்களிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, ஒத்த இடத்தை மூலத்தோடு காட்டுகிறது. ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துத் தாமே முடிவுசெய்யலாம். இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவியோ எந்த மூலத்தையும் காட்ட இயலாதது. அடுத்துவரும் சொல் எந்த அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதாக உள்ளது, தொடர்களின் நீளமும் அமைப்பும் எந்த அளவுக்கு ஒரே சீராக உள்ளன என்பன போன்ற புள்ளியியற் கூறுகளைக் கொண்டு, இது இயந்திரம் எழுதியதாக இருக்கக்கூடும் என்று ஒரு நிகழ்தகவை மட்டுமே அது சொல்கிறது. முன்னது சான்று; பின்னது ஊகம். இரண்டும் திரையில் விழுக்காட்டு எண்ணாகவே தோன்றுவதால், ஊகத்துக்குச் சான்றின் மதிப்பு தெரியாமலே ஏறிவிடுகிறது.

ஊகம் எத்தகையது என்பதற்கு அக்கருவிகளைச் செய்தோரின் வாக்குமூலமே உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரி இறுதியில் வெளியிட்ட கண்டறி கருவி, இயந்திர உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாக இனங்கண்டு, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தினுடையவை என்று தவறாகச் சுட்டியது. துல்லியம் போதவில்லை என்று கூறி அந்நிறுவனமே அவ்வாண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. 14 கருவிகளைச் சோதித்த டெபோரா வெபர்-வுல்ஃப் குழுவினரின் 2023-ஆம் ஆண்டு ஆய்வில் எதுவும் 80 விழுக்காட்டுத் துல்லியத்தை எட்டவில்லை. டர்னிடின் நிறுவனம் 2023 ஏப்ரலில் தன் கருவியை வெளியிட்டபோது தவறான குற்றச்சாட்டு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு ஓர் எளிய கணக்குப் போட்டது: 2022-இல் அங்குச் சோதனைக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகள் 75,000, அவற்றில் 1 விழுக்காடு என்றால் 750 கட்டுரைகளின் மீது பொய்க்குற்றம் விழும். அப்பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் அக்கருவியை நிறுத்திவைத்தது.

தவறுகள் எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வெய்ஷின் லியாங்கும் ஜேம்ஸ் ஸோ முதலியோரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள் ஏழு கருவிகளிடம் தரப்பட்டன, சராசரியாக 61.3 விழுக்காட்டுக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகத் தீர்மானிக்கப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைகளில் அதே கருவிகள் ஏறத்தாழப் பிழையின்றி நடந்துகொண்டன. காரணம் கருவியின் அடிப்படையிலேயே உள்ளது: குறைந்த சொல்வளத்தில், பழகிய தொடரமைப்பில், இலக்கணப் பிழைக்கு அஞ்சி எழுதுவோரின் நடை எதிர்பார்க்கத்தக்கதாக இருக்கும், எதிர்பார்க்கத்தக்க நடையையே கருவி இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்கிறது. இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. அதே கட்டுரைகளின் சொற்களைத் தாய்மொழியாளர் நடைக்கு உயர்த்தித் தருமாறு சாட்ஜிபிடியிடமே கொடுத்து வாங்கியபோது தவறான சுட்டல் 11.6 விழுக்காடாகக் குறைந்தது. இயந்திரத்தின் கைபடாதவர் பிடிபட, கைபட்டவர் தப்பிக்கும் நிலை இது. அந்த 91 கட்டுரைகளை எழுதியோர் தமிழர் அல்லர் என்றாலும், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் எழுத நேரும் முதல் தலைமுறை மாணவரின் நடையும் அதே இயல்புடையது ஆதலின், இக்கருவிகளை நம்பித் தண்டிக்கும் கல்லூரி முதலில் தண்டிக்கப்போவது அவரைத்தான் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

கருவியை விடுத்து ஆசிரியரின் கண்ணை நம்பலாமா என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்துள்ளது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்கார்ஃப் குழுவினர், உளவியல் பட்டப் படிப்பின் இணையவழித் தேர்வுகளில் கற்பனை மாணவர் பெயரில் முற்றிலும் இயந்திரம் எழுதிய விடைகளை, திருத்துவோருக்குத் தெரிவிக்காமல் கலந்துவைத்தனர். 94 விழுக்காடு விடைகள் எந்த ஐயமும் எழுப்பாமல் கடந்தன, அவை பெற்ற மதிப்பெண்ணும் உண்மையான மாணவரின் சராசரியைவிட உயர்ந்திருந்தது. 2024-இல் வெளிவந்த இவ்வாய்வுக்குப் பின், அனுபவமுள்ள ஆசிரியர் பார்த்தவுடன் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை வலுவிழந்துவிட்டது. தமக்குப் பிடிபட்டவை மட்டுமே ஆசிரியருக்குத் தெரியும் என்பதால், அவர் தம் திறமையைப் பற்றி மிகையாக எண்ணுவது இயல்பே. தமிழில் எழுதப்படும் ஒப்படைப்புகளில் இப்போதைக்கு இயந்திரத்தின் சாயல் சற்று எளிதாகத் தெரிகிறது: ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டின் மீது போர்த்திய தொடர்கள், எந்தப் பதிப்பிலும் இல்லாத சங்கப் பாடல் எண்கள், பாடாத புலவருக்கு ஏற்றப்பட்ட அடிகள் என அவை தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. இவ்வசதி நெடுநாள் நீடிக்கும் என்று கொள்வதற்கில்லை.

ஐயத்தைத் தீர்ப்பாக மாற்றுவதில் உள்ள இடர் நீதிமன்றத்தையும் எட்டியுள்ளது. அரியானாவிலுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சட்ட மாணவர், தம் தேர்வு விடை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று கூறித் தேர்ச்சி மறுக்கப்பட்டதை எதிர்த்து 2024-இல் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றத்தை அணுகினார். அதன்பின் பல்கலைக்கழகம் தேர்ச்சி அளித்துவிட்டமையால் வழக்கு முடிவுக்கு வந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு உரியது, ஒரு மென்பொருள் தந்த விழுக்காடு எந்த அளவுக்குச் சான்றாகும் என்ற வினாக்கள் விரிவான தீர்ப்பு ஏதுமின்றியே நின்றுவிட்டன. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டபிறகே முடிவெடுத்தல் என்ற இயற்கை நீதிக் கோட்பாடு கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைகளுக்கும் பொருந்துவது. கருவியின் அறிக்கையை மட்டும் கொண்டு மதிப்பெண்ணைப் பறிப்பது அதற்கு முரணானது என்பதில் ஐயமில்லை.

இனி, மாணவர் இயந்திரத்தைப் பயன்படுத்துவது எந்த அளவில் தீங்கு என்பதைக் கருதலாம். மின்கணிப்பான் வந்தபோதும் இப்படித்தான் அஞ்சினார்கள், பின்னர் பழகிக்கொண்டார்கள் என்று வாதிடுவோர் உளர். கணிப்பான் ஒரு படிநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எதைக் கணக்கிடுவது என்ற முடிவை மாணவரிடமே விட்டுவைத்தது. உரையாடற் செயலியோ வினாவைப் புரிந்துகொள்வது முதல் முடிவுரை எழுதுவது வரை அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆதலின் அவ்வொப்புமை முழுமையாகப் பொருந்தாது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் ஹம்சா பஸ்தானி முதலியோர் நடத்திய கணிதப் பயிற்சி ஆய்வு இவ்விடத்தில் மிகுந்த விளக்கம் தருவது. செயலியைத் தடையின்றிப் பயன்படுத்தியோர் பயிற்சியின்போது 48 விழுக்காடு மேம்பட்ட மதிப்பெண் பெற்றனர். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைப் பயன்படுத்தியே இராதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைச் சொல்லாமல் குறிப்புகளை மட்டும் தருமாறு ஆசிரியர் துணையுடன் வடிவமைத்த செயலியைப் பயன்படுத்திய பிரிவினர்க்கு இவ்விழப்பு பெரிதும் ஏற்படவில்லை. தீங்கு கருவியில் இல்லை, அது எந்த வேலையை மாணவரின் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்பதில் உள்ளது என்று இதிலிருந்து கொள்ளலாம். புரியாத கலைச்சொல்லை விளக்கச் சொல்வதும், தான் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்வதும், கட்டுரையையே எழுதச் சொல்வதும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் ஒன்றல்ல. பிரித்தானிய உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் மதிப்பீட்டுப் பணிகளுக்கு இக்கருவிகளைப் பயன்படுத்துவதாகக் கூறிய மாணவர் 88 விழுக்காடு. முந்தைய ஆண்டில் அது 53-ஆக இருந்தது. இவ்வளவு பேர் செய்வதைப் பொத்தாம்பொதுவாகத் தடைசெய்யும் விதி, மெக்கேப் கண்ட உண்மையின்படி, தன் மதிப்பையே இழக்கும்.

ஆகவே அண்மைக்காலச் சிந்தனை, பிடிப்பதிலிருந்து மதிப்பீட்டு வடிவமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. மைக் பெர்கின்ஸ், லியோன் ஃபர்ஸ் முதலியோர் வகுத்த அளவுகோல், முற்றிலும் இயந்திரம் இன்றிச் செய்யவேண்டிய பணி தொடங்கி முழுப் பயன்பாடும் ஏற்கப்படும் பணி வரை ஐந்து படிகளைச் சொல்லி, ஒவ்வோர் ஒப்படைப்பும் எந்தப் படியைச் சேர்ந்தது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிவிக்கச் செய்கிறது. சிட்னி பல்கலைக்கழகம் இன்னும் வெளிப்படையாக, கண்காணிப்பில் நேரில் நடக்கும் பாதுகாப்பான மதிப்பீடு, எந்தக் கருவியையும் பயன்படுத்த இடந்தரும் திறந்த மதிப்பீடு என இரண்டு தடங்களாகப் பிரித்துக்கொண்டது. இரண்டில் சிட்னியின் முறையே உண்மைக்கு நெருக்கமானது. கண்காணிக்க இயலாத இடத்தில் இரண்டாம் படி வரை மட்டும் பயன்படுத்து, மூன்றாவதைத் தொடாதே என்று சொல்வது நேர்மையாளரை மட்டும் கட்டுப்படுத்தும் விதியாகும்.

இம்முறைகளைத் தமிழ்நாட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவரும்போது எதிர்ப்படும் தடை கருத்தியல் சார்ந்ததன்று, நேரம் சார்ந்தது. ஒப்படைப்பை எழுதியவரிடமே அதைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்மொழியாக வினவுதல், வைவா என்ற பெயரில் ஆய்வேட்டுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளதுதான். 60 பேர் கொண்ட வகுப்பில் அதற்கு 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம் ஆகும். மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் முப்பது மணி நேரம் ஒதுக்கவேண்டும். காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்பும் அரசுக் கல்லூரியில் அந்நேரத்தை யார் தருவது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு நேர்மையைப் பற்றி மாணவருக்கு மட்டும் உறுதிமொழி வாசிக்கச் செய்வதில் பயனில்லை. வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் அதே செயலியிடம் கேட்டு வாங்கும் ஆசிரியர்களும் இருக்கும் நிலையில் அவ்வுறுதிமொழி நகைப்புக்கும் இடமாகும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. பருவத்துக்குப் பல ஒப்படைப்புகள் என்பதை ஒன்றாகக் குறைத்து அந்த ஒன்றை வாய்மொழி வினாவோடு இணைக்கலாம். வகுப்பில் குலுக்கல் முறையில் பத்துப்பேரை மட்டும் வினவினாலும், யார் அழைக்கப்படுவார் என்று முன்கூட்டித் தெரியாதவரை எல்லோரும் படித்துவர வேண்டியிருக்கும். பேருரைகளைச் சுருக்கி எழுதும் வேலையை வகுப்பறைக்குள் கையெழுத்தில் நடத்தலாம். ஊரின் நீர்நிலை, சந்தை, கோயிற் கல்வெட்டு, பேச்சுவழக்கு என நேரிற்சென்று திரட்டவேண்டிய தரவைக் கேட்கும் ஒப்படைப்புகள் இயந்திரத்தை முற்றிலும் விலக்காவிட்டாலும், களக்குறிப்பேட்டையும் உடன் கேட்டால் மாணவரின் உழைப்புக்கு இடம் கொடுக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இம்மாற்றங்களைப் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் தாமே செய்துகொள்ளலாம். இணைவுக் கல்லூரிகளோ அகமதிப்பீட்டின் கூறுகளைப் பல்கலைக்கழகம் மாற்றும்வரை பழைய படிவத்தையே நிரப்பவேண்டியவை. 2018-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் திருத்தப்படுமானால், விழுக்காட்டுப் படிகளில் இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, அன்று வெளியே நிறுத்தப்பட்ட ஒப்படைப்பையும் திட்டப்பணி அறிக்கையையும் உள்ளே கொண்டுவந்து, அவற்றுக்கு மதிப்பெண் இடும்முன் மாணவரை நேரில் வினவியதற்கான பதிவையும் அதற்குரிய பணிநேரத்தையும் கல்லூரியின் கடமையாக எழுதுவதே முதல் வேலையாக இருக்கும்.